எதிர்க்கட்சி பத்மாக்கா

போன வாரம் வாக்காளர் பட்டியல் திருத்தத்துக்காக ஒரு அங்கன்வாடி டீச்சர் வேங்கிக்காலில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். கையில் ஒரு கட்டு ஃபாரம். வெயிலில் முகம் கறுத்துப் போயிருந்தது. உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தேன்.

"பழைய லிஸ்ட்ல நீங்க எந்தத் தொகுதி மேடம்?"

சொன்னேன்.

"அப்படி ஒரு தொகுதியே இல்லியே."

இல்லைதான். எல்லைகளைத் திருத்தி வரைந்தபோது எங்கள் தொகுதி காணாமல் போனது. அதிலிருந்த ஊர்களைச் சுற்றியிருந்த தொகுதிகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். பேரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் நான் எந்தக் கட்சி என்று கண்டுபிடித்து லெட்டர் போடுவீர்கள்...

டீச்சர் போன பிறகு மொபைலில் பழைய பட்டியலைத் தேடி எடுத்தேன். அப்பா பெயர் இருந்தது. அம்மா, நான். அதோடு மூடியிருக்கலாம். விரல் தானாகப் பக்கத்து ஊர்ப் பக்கங்களைத் தள்ளியது.

பத்மாவதி. கணவர் பெயர் ஸ்ரீபால்.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் ஊருக்கும் பக்கத்து ஊருக்கும் சேர்த்து எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில்தான் பூத். பெண்களுக்குத் தனி பூத். உள்ளே கட்சிக்கு ஒரு ஏஜென்ட் உட்கார வேண்டும். ஓட்டுப் போட வருகிறவர் நிஜமாகவே அந்த ஆள்தானா என்று முகம் பார்த்துச் சொல்ல வேண்டும். பெண்களை அடையாளம் சொல்லப் பெண்தானே வேண்டும்? அப்பா கட்சியின் கிளைச் செயலாளர். நான் அப்போதுதான் பி.ஏ. முடித்திருந்தேன். "நீ போ" என்றார். போனேன்.

"பக்கத்துல எதிர்க்கட்சி ஏஜென்ட் இருப்பா. அவகூட ஒரு வார்த்தை பேசக்கூடாது" என்று சொல்லித்தான் அனுப்பினார்.

அந்த எதிர்க்கட்சிதான் பத்மாக்கா. பக்கத்து ஊரில் தொன்றுதொட்டு இருக்கும் ஜைனக் குடும்பத்துக்கு மருமகளாக வந்தவர். என்னைவிட நாலைந்து வயது பெரியவர். இரண்டு பேருக்கும் ஒரே பெஞ்சு. மணி எட்டுக்கு முறைத்துக்கொண்டோம். ஒன்பதுக்கு அவர் என் பேனாவை வாங்கினார். பத்துக்கு என் படிப்பு, அவர் மாமியார், என் வரன்கள் எல்லாம் பேசி முடித்திருந்தோம்.

பொழுது சாய்வதற்குள் அவர் சாப்பிட்டாக வேண்டும். அவர்கள் வீட்டு வழக்கம். அப்போது கூட்டம் நெருக்கும். "ராஜி, என் லிஸ்ட்டுலயும் நீயே டிக் போட்டுடு" என்று கொடுத்துவிட்டு எழுந்து போவார். நான் சாப்பிடப் போனால் என் லிஸ்ட்டுக்கு அவர் டிக் போடுவார். கட்சிக்காரர்கள் பார்த்திருந்தால் இரண்டு பேரையும் தொலைத்திருப்பார்கள்.

கல்யாணமாகி இந்த டவுனுக்கு வந்த பிறகும் நான் ஓட்டை மாற்றவில்லை. அப்பாவுக்காக என்று வீட்டில் சொன்னேன். தேர்தல் தேதி அறிவித்ததும் எனக்கு ஞாபகம் வந்ததெல்லாம் அந்தப் பெஞ்சுதான்.

இப்படி ஐந்து தேர்தல். ஒரு தடவை அவர் கட்சி ஜெயிக்கும், ஒரு தடவை என் கட்சி. ஜெயித்தவர் திறந்த ஜீப்பில் வந்து கும்பிடுவார். அத்தோடு சரி.

மூன்றாவது தேர்தலில் ஒன்று நடந்தது.

மத்தியானம் முந்தானையை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டு ஒரு பெண் வந்தாள். குப்பம்மா பெயரில் சீட்டு. குப்பம்மாவோ கட்டட வேலைக்கு பெங்களூர் போய் மாசக்கணக்காகிறது. நான் வாயைத் திறக்கவில்லை. காரணம் இருந்தது. காலையில் என் கட்சி அனுப்பிய இப்படி ஒருத்தியை, தெரிந்தே டிக் போட்டு உள்ளே விட்டிருந்தேன். பத்மாக்கா அப்போது தண்ணீர் குடிக்கப் போயிருந்தார்.

பத்மாக்கா எழுந்து நின்றார். "இவங்க குப்பம்மா இல்ல சார்."

அதிகாரி குழம்பிப்போனார். "இவங்கள அனுப்பினது யாரு?"

"எங்க கட்சிதான். அதான் நான் சொல்றேன்."

அந்தப் பெண் திரும்பிப் போனாள். ஜன்னலுக்கு வெளியே அவர் கட்சிக்காரர்கள் பார்த்த பார்வை இன்னும் எனக்கு மறக்கவில்லை. பத்மாக்கா உட்கார்ந்து பேனாவை எடுத்துக்கொண்டார். அப்போதே அவர் கையைப் பிடித்து, காலையில் நான் செய்ததைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஐந்தாவது தேர்தலுக்குப் பிறகு தொகுதி போனது. என் ஊர் ஒரு தொகுதிக்கு, அக்கா ஊர் வேறொன்றுக்கு. அவர்கள் ஊரிலேயே பூத்தும் வந்தது. எங்கள் பெஞ்சில் யார் யாரோ உட்கார்ந்தார்கள். நானும் ஓட்டை வேங்கிக்காலுக்கு மாற்றிக்கொண்டேன். போக என்ன இருக்கிறது?

ஒரு மணி நேரத் தூரம்தான். போகவில்லை. தேர்தல் இல்லாத நாளில் அவரைப் பார்க்க எனக்கு என்ன உரிமை என்று ஒரு தயக்கம். நீங்களும் இப்படி யாரையாவது விட்டு வைத்திருப்பீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். பௌர்ணமி கிரிவலக் கூட்டம், பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. இறங்கி ஷேர் ஆட்டோ. வாசலில் மணிலாக்கொட்டை உலர்த்திக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். தலை முழுக்க நரைத்திருந்தது.

"எலெக்‌ஷன் வந்துடுச்சா ராஜி?"

மணிலாவைத் தாண்டிப் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

உள்ளே அழைத்துப் போய் உட்கார வைத்தார். பேசினோம், பேசினோம்... கடைசியில் அந்தக் காலை விஷயத்தைச் சொல்லிவிட்டேன்.

"தெரியும்" என்றார். "நீ சாப்பிடப் போனப்ப லிஸ்ட்டப் பாத்தேன். ஊர்லயே இல்லாதவளுக்கு டிக் போட்டிருந்த. அதுவும் கோணலா."

"ஏன்க்கா சொல்லல?"

"அவ ஓட்டுப் போட்டு வீட்டுக்கே போயிட்டா. சொன்னா உன்னைத்தான் புடிப்பாங்க. அடுத்த எலெக்‌ஷனுக்கு வேற எவளையோ அனுப்புவாங்க. நான் நாள் பூரா யார்கூடப் பேசறது?"

குப்பம்மா விஷயத்துக்காக உங்கள் கட்சியில் உங்களை ஒன்றும் செய்யவில்லையா என்று கேட்டேன்.

"ஏஜென்ட் வேலைக்கு வேற பொம்பள கிடைக்கல, வெச்சிக்கிட்டாங்க. தொகுதி மாறினதும் போய் எம்.எல்.ஏ. சீட் கேட்டேன். சொந்தக் கட்சிக்காரியக் காட்டிக் கொடுத்தவன்னு சிரிச்சாங்க. சரின்னு சுயேச்சையா நின்னேன். தையல் மெஷின் சின்னம்."

"எம்.எல்.ஏ-வுக்கா? எனக்குத் தெரியவே தெரியாதே."

"உனக்கு எப்பிடித் தெரியும்? நீ வேற தொகுதி." மணிலாக்கொட்டைத் தட்டை என் பக்கம் நகர்த்தினார். "டெபாசிட் போச்சு. ஆனா எண்ணிக்கைக்கு அப்புறம் பூத்துவாரியா எத்தன விழுந்துதுன்னு பாத்தேன். நீ இந்தப் பக்கம் இருந்திருந்தா ஒண்ணு ஜாஸ்தி விழுந்திருக்கும்."

"நான் எதிர்க்கட்சி ஆச்சேக்கா."

"அதனாலதான் சொல்றேன்."

பஸ் ஏற்றிவிட ரோடு வரை வந்தார். தேர்தலுக்காகக் காத்திருக்க வேண்டாம், இனி மாசம் ஒரு தடவை வருகிறேன் என்றேன். தலையாட்டினார். பஸ் திரும்புகிற வரை அங்கேயே நின்றிருந்தார்.

யார் யாருக்கோ ஓட்டுப் போட்டிருக்கிறேன். எங்கள் தொகுதியை யாரோ ஒருவர் எழுந்து நின்று பிரதிநிதித்துவப்படுத்தி நான் கண்ணால் பார்த்தது ஒரே ஒரு முறைதான்... என் பெஞ்சிலேயே. அவர் வேட்பாளராக நின்ற அன்று நான் தொகுதி எல்லைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் வரிசையில் நின்று, வேறு யாருக்கோ பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தேன்.