ஒரு சொட்டு ரத்தமும் வராத தடுப்பூசியும்

அடுத்தவர் விரலைக் குத்தி ஒரு சொட்டு ரத்தம் வாங்கும் தொழிலில் முதலில் பழக வேண்டியது, ஒரு காலைக் கேட்டுக்கு வெளியிலேயே வைத்துக்கொண்டு பேசுவது. சோப்புத்தூள் விற்றவர்களே, சென்சஸ் எடுத்தவர்களே, காலிங்பெல்லை அழுத்திவிட்டு நாய்க்குப் பயந்து நின்றவர்களே, நீங்கள் எல்லாரும் என் பங்காளிகள். உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

பிளஸ் டூ முடித்தேன். எந்தக் காலேஜும் என்னைக் கூப்பிடவில்லை. அடையாறில் ஓர் ஆராய்ச்சிக்கூடம் கூப்பிட்டது. மலேரியாவுக்குத் தடுப்பூசி செய்ய உலகத்தில் பல பேர் முயற்சி செய்துகொண்டிருந்தார்கள். அது நம் ஊர்க் கிருமியிடம் பலிக்குமா என்று பார்க்க, முதலில் நம் ஊர்க் கிருமி எத்தனை விதம் என்று தெரிய வேண்டுமாம். அதற்காக வீடு வீடாக, காய்ச்சல்காரர்களிடம் ரத்தம் எடுக்க வேண்டும். குத்துவது நான். கண்ணாடித் துண்டில் தடவுவதும், வடிதாளில் ஒற்றி எடுப்பதும் சாந்தோம் ஸ்டெல்லா அக்கா. யார் குரல் கேட்டாலும் அப்படியே பேசிக்காட்டுவேன் என்பதால் அக்கா எனக்கு வைத்த பெயர் ரேடியோ.

சிங்கம் பேசியது

தி. நகரில் ஒரு வணிக வளாகம் எழும்பிக்கொண்டிருந்தது. சிமென்ட் தண்ணீருக்குக் கட்டிய தொட்டியின் ஓரத்திலேயே தகரக் கொட்டகைகள். தொட்டி நிறையக் கொசுப்புழு. விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்த சரோஜா அங்கே மணல் சுமந்துகொண்டிருந்தாள். பக்கத்துக் கொட்டகையில் போன மாதம்தான் ஒரு குழந்தை காய்ச்சலில் செத்திருந்தது. இப்போது அவளுடைய ஆறு வயசு அஞ்சலைக்குக் காய்ச்சல். 'இவளையும் தூக்கிக் குடுத்துடுவேனோன்னு இருக்குது' என்று சொல்லித்தான் பெண்ணை எங்கள் முன்னால் உட்கார வைத்தாள்.

நான் சிங்கம் மாதிரி பேசி, ஆட்டோ மாதிரி உறுமி, மேஸ்திரி மாதிரி அதட்டினேன். அஞ்சலை சிரிக்க ஆரம்பித்ததும் குத்திவிட்டேன். குத்தியதே அவளுக்குத் தெரியவில்லை. கிருமி இருந்தது, பொல்லாத ரகம். அக்கா மாத்திரை வாங்கிக் கொடுத்து, கூடவே நின்று விழுங்க வைத்தாள். நாலு நாளில் அஞ்சலை எழுந்து உட்கார்ந்து, என் சிங்கத்தை எனக்கே செய்துகாட்டினாள். என்னுடையதைவிட நன்றாகவே இருந்தது.

ரத்தம் எதுக்கு என்று சரோஜா கேட்டாள். 'இதை வெச்சுத்தாம்மா தடுப்பூசி செய்யப் பார்க்கிறாங்க' என்றாள் அக்கா. அது உண்மை. சரோஜா பெண்ணின் விரலைத் தூக்கிப் பார்த்தாள். முகமே தெளிந்துவிட்டது.

'இத்தினியூண்டு ஊசிதானா? நான் பெருசா இருக்கும்னு நெனச்சேன்.'

நாங்கள் சிரித்தோம். ரத்தம் எடுக்கக் குத்தும் ஊசியைச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டோம்.

நல்ல குடும்பத்துக் காய்ச்சல்

மயிலாப்பூரில் குளத்தை ஒட்டிய ஒரு தெரு. உள்ளே ஒரு மாமா மூன்று போர்வைக்குள் கட்டிலோடு சேர்ந்து ஆடிக்கொண்டிருந்தார். வாசலில் மாமி. கிணற்றுக்கு மூடி இல்லை, மாடி டேங்குக்கும் இல்லை. மாநகராட்சிக்காரர்கள் எட்டிப் பார்க்க வந்தபோது, மடி என்று சொல்லி மாடிப்படியிலேயே நிறுத்திவிட்டாராம்.

'உங்க வீட்ல கொசு...' என்று அக்கா ஆரம்பித்தாள்.

'கொசுவா? எங்காத்துலயா? எல்லாம் கோடியாத்துலேந்து வரது.'

கடைசியில் மாமாவே போர்வைக்குள்ளிருந்து ஒரு விரலை மட்டும் வெளியே நீட்டினார். மலேரியாதான். முடிவைச் சொல்லப் போனபோது மாமி என்னை மேலும் கீழும் பார்த்தார். அந்தப் பார்வையை நான் அப்புறம் பல தடவை நடித்துக் காட்டி டீ வாங்கிக் குடித்திருக்கிறேன்.

'மலேரியாவெல்லாம் கொட்டகையில இருக்கறவாளுக்கு வரும்டா அம்பி. மாமாக்கு வந்திருக்கறது நல்ல குடும்பத்துல வர ஜுரம்.'

எத்திராஜின் கேட்

ஆராய்ச்சிக்கூடத்து வாட்ச்மேன் எத்திராஜ் மந்தைவெளிக்காரர். கேட்டில் ஒரு போன் உண்டு. எதிர் எஸ்.டி.டி. பூத்திலிருந்து டைரக்டர் குரலில், 'எத்திராஜ், கார் வருது, கேட்டைத் திற' என்பேன். திறந்து சல்யூட் அடித்தபடி நிற்பார். சைக்கிளில் நான் உள்ளே போவேன். இரண்டு தடவை ஏமாந்தார். மூன்றாவது தடவை, 'டேய், இது நீதான்னு தெரியும், வை போனை' என்றார். மறுநாள் அக்கவுன்ட்ஸ் ஐயர் குரலில் பேசினேன். திறந்தார். அதற்கடுத்த நாள், எங்கள் ப்ராஜெக்டை நடத்தும் டாக்டர் மேடத்தின் டிரைவர் குரல். அதற்கும் திறந்தார்.

விஷயம் மேடம் காதுக்குப் போனது. வேலை போச்சு என்று நினைத்தேன். மேடம் என்னையும் அக்காவையும் எத்திராஜையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

'நம்ம ப்ராஜெக்டே இதுதான்ப்பா. தடுப்பூசின்னா உடம்போட வாட்ச்மேனுக்கு ஒரு குரலைப் போட்டுக் காட்டி, இவனை விடாதேன்னு சொல்றது. அந்தக் குரல்ல வந்தா நிறுத்திடுவார். ஆனா இந்தக் கிருமி ஊருக்கு ஒரு குரல், தெருவுக்கு ஒரு குரல் வெச்சிருக்கு. சமயத்துல ஒரே ஆளோட ரத்தத்துல ரெண்டு மூணு குரல் இருக்கு. எந்தக் குரலைப் போட்டுக் காட்டறது?'

சொல்லிவிட்டு என்னைப் பார்த்து, 'நீ ஒரு நல்ல பாரசைட்' என்றார். பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன். எத்திராஜ் மட்டும் சிரிக்கவில்லை.

'ஒருத்தன்னா புட்ச்சிடுவேன் மேடம். ஒருத்தனே பத்து பேரா வந்துக்கினு இருந்தா நான் இன்னா பண்றது?'

குத்தின பொண்ணு

மழை பிடித்துக்கொண்டது. வேளச்சேரிப் பக்கம் தண்ணீரில் மாட்டி, தி. நகருக்குப் போகும் முறை தள்ளிப்போனது. போனபோது அஞ்சலை கோணியில் படுத்திருந்தாள். கண் பாதி திறந்திருந்தது. சிங்கம் செய்தேன். ஆட்டோ செய்தேன். அவள் பார்வை என்னைத் தாண்டி எங்கேயோ இருந்தது. அக்கா அவள் தாடையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, 'ரேடியோ, ஆட்டோ' என்றாள். நான் மறுபடியும் உறுமப் போனேன். 'நிஜ ஆட்டோடா' என்றாள்.

போகும் வழியிலேயே வலிப்பு வந்தது. அக்கா மடியில் போட்டுப் பிடித்துக்கொண்டாள். பெரிய ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள், மருந்து ஏற்றினார்கள். அக்கா அங்கேயே ஒரு சொட்டு எடுத்துத் தாளில் ஒற்றினாள். மறுநாள் மத்தியானம் அஞ்சலை போய்விட்டாள். மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள்.

காய்ச்சல் வந்து அஞ்சு நாளாம். எங்கேயும் காட்டவில்லை, கஷாயம் மட்டும்தான். 'ஏம்மா, போன தடவை உடனே சொன்னீங்களே?' என்று அக்கா கேட்டாள். சரோஜா கோபப்படவில்லை, எங்களுக்குத்தான் மறந்துவிட்டது என்பது மாதிரி நிதானமாகச் சொன்னாள்.

'அவளுக்குத்தான் நீங்க மலேரியா ஊசி போட்டுட்டீங்களே. இது வேற காய்ச்சல்னு இருந்துட்டேன்.'

இரண்டு கோடு

ஒரு வடிதாள் அஞ்சலையின் முதல் காய்ச்சலுடையது. இன்னொன்று கடைசிக் காய்ச்சலுடையது. இரண்டையும் கரைத்து, கிருமியின் மரபுக்கூறைப் பெருக்கி, ஜெல்லில் ஓட விட்டுப் படம் எடுத்தார்கள். ஒரே ரகக் கிருமியாக இருந்தால் கோடுகள் பக்கத்துப் பக்கத்தில் ஒரே மட்டத்தில் நிற்கும். இவை ஒன்று மேலே, ஒன்று கீழே நின்றன. எனக்கே தெரிந்தது.

மேடம் படத்தை வெளிச்சத்தில் வெகுநேரம் வைத்திருந்தார். இரண்டாவதாக வந்தது முதலில் வந்தது இல்லை, புதிதாக இன்னொரு கொசு கொண்டுவந்து விட்ட வேறு ரகம் என்றார். 'முதல்ல வந்ததைப் பார்த்து ஊசி செஞ்சிருந்தாலும், இதை அது அடையாளம் கண்டிருக்குமான்னு என்னால சொல்ல முடியாது.' எங்கள் ப்ராஜெக்டுக்கு அதைவிட அருமையான சான்று கிடையாது. யாரும் அதைச் சொல்லவில்லை. அக்கா படத்தை வாங்கிக் கவிழ்த்து வைத்தாள்.

'அப்போ அந்தப் புள்ள சிரிச்சிக்கிட்டே குடுத்த ரத்தம் அவளுக்கே உதவியிருக்காதா, மேடம்?'

சின்னவன்

சுற்றுமுறைப்படி மறுபடியும் அந்தக் கட்டடம். இரண்டு மாடி உயர்ந்திருந்தது. தொட்டி அப்படியேதான் இருந்தது. நாங்கள் வந்ததைப் பார்த்ததும் சரோஜா மணல் கூடையை இறக்கிவிட்டு, தூளியிலிருந்து அஞ்சலையின் தம்பியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். இன்னும் நடக்காத பையன். காய்ச்சல் இல்லை.

இந்தத் தடவை அக்கா ஒன்றையும் விடவில்லை. இது தடுப்பூசி இல்லம்மா, மலேரியாவுக்குத் தடுப்பூசின்னு ஒண்ணு இன்னும் வரவே இல்லை, நாங்க குத்தறது பார்க்கறதுக்கு மட்டும்தான், உடம்பு சுட்டா அன்னைக்கே தூக்கிக்கிட்டு ஓடி வரணும், ராத்திரி கொசுவலை கட்டணும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். கொசுவலையைப் பிரித்துக் கையிலும் கொடுத்தாள். 'சரிங்க', 'சரிங்க' என்று ஒவ்வொன்றுக்கும் சரோஜா தலையாட்டினாள். 'புரிஞ்சுதாம்மா?' 'புரிஞ்சுதுங்க.' அக்கா பெட்டியை மூடினாள். காய்ச்சல் இல்லாத பிள்ளையைக் குத்த வேண்டியதில்லை.

நாங்கள் திரும்பும்போது சரோஜா என் சட்டையைப் பிடித்தாள். பையனின் விரலைப் பிரித்து, அதை மட்டும் தனியாக என் பக்கம் நீட்டினாள்.

'இவனுக்கு நல்லா அழுத்திக் குத்திவிடு தம்பி. அவளுக்கு நீ வலிக்காம குத்திட்ட, அதான் புடிக்கல.'

கொசுவும் குத்தி எடுத்துக்கொண்டுதான் போகிறது, நாங்களும் அப்படித்தான். வித்தியாசம் என்னவென்றால், கொசுவை நம்பி யாரும் பிள்ளையின் விரலை நீட்டுவதில்லை.