பிராந்திக் கடையில் ஒரு மீன்காரி

மதுவிலக்கை எடுத்துவிட்டு ஊருக்கு ஊர் பிராந்திக் கடை திறந்த சமயம் அது. எழுபதுகளின் தொடக்கம். பழவேற்காட்டிலிருந்து கூடையோடு பஸ் பிடித்து, பொன்னேரியில் ரயிலேறி, கும்மிடிப்பூண்டியில் மீன் விற்றுக்கொண்டிருந்தேன். கம்பெனிக்குப் போய்வருகிற ஆட்கள்தான் என் வாடிக்கை. நாலு பேருக்கு நடுவில் குரலை உயர்த்திப் பேச எனக்கு என்றைக்கும் பயம் இருந்ததில்லை.

அந்த வருஷம் என் மாமியாருக்கு விஷக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனதே தவிர, பசி திரும்பவில்லை. இரண்டு வாய்க் கஞ்சிக்கு மேல் இறங்கவில்லை. ஆள் பாதியாகிவிட்டார். பொன்னேரி டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, "சாப்பாட்டுக்கு முன்னால ரெண்டு ஸ்பூன் ஒயின் குடுத்துப் பாரும்மா, பசியெடுக்கும். இப்படியே இருந்தா உடம்பு தாங்காது" என்றார்.

அத்தையிடம் சொன்னதும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"அந்த வாட மூக்குல பட்டுச்சின்னா உள்ள கீற கஞ்சியும் வெளிய வந்துடும். செத்தாலும் பரவால்ல, அது மட்டும் வாணாம்."

கள்ளச்சாராயத்தில்தான் மாமனார் போய்ச் சேர்ந்தார், நான் கல்யாணமாகி வருவதற்கு முன்பே. அவர் பேச்சை அந்த வீட்டில் யாரும் எடுப்பதில்லை.

ஆக, எனக்கு வேண்டியது சாராய வாடை இல்லாத ஒயின். வாடை அடித்தால் அத்தை வாய் திறக்கமாட்டார், வாய் திறக்காவிட்டால் பிழைக்கமாட்டார். என் வீட்டுக்காரரை அனுப்பியிருக்கலாம்தான். ஆனால் கடைக்காரன் கையில் எதைத் திணித்தாலும் மறுபேச்சில்லாமல் வாங்கி வருகிற மனுஷன் அவர். ஒரு சோப்புக்கட்டிகூட ஒழுங்காக வாங்கியதில்லை. நானே போனேன்.

ஷிஃப்ட் விட்ட சாயங்காலம். கடை முன்னால் ஒரே கூட்டம். நான் போய் நின்றதும் எல்லோரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். கூடை நாற்றம்தான் காரணம்.

"இன்னாமே, ஊட்டுக்காரருக்கா?" என்றார் கடைக்காரர்.

"எம் மாமியாருக்கு. ஒயின் குடுண்ணா."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அவர் ஒரு பாட்டிலை எடுத்து வைத்தார். அது எப்போது வந்தது என்று கேட்டேன்.

"வந்து ரொம்ப நாளாவுது. ஒயினு பழசாவப் பழசாவத்தாம்மே நல்லது."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நேற்றைய மீனை அடுத்தவர் தலையில் கட்ட நான் சொல்லாத கதையா? "பழசு யாருக்கு வோணும்? இன்னிக்கி வந்ததக் காட்டு" என்றேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். அவர் சொன்னதிலும் உண்மை உண்டு என்று தெரியவர எனக்குப் பல வருஷம் பிடித்தது.

"சரி, தொறந்து காட்டு. மோந்து பாக்கணும்."

"தொறந்த பாட்டில அப்பறம் எவன் வாங்குவான்? பேஜாரு பண்ணாதமே."

"எங்கிட்ட எத்தினி வாட்டி மீன் வாங்கிக்கினு போயிருக்க? செவுளத் தூக்கிப் பாக்காம ஒரு வாட்டியாச்சும் வாங்கியிருக்கியா? நான் வாணாம்னு சொன்னனா?"

கூட்டத்திலிருந்து என் வாடிக்கைக்காரர் ஒருவர், இரும்புக் கம்பெனிக்காரர், முன்னால் வந்தார். "அக்கா கேக்கறது நாயந்தானே? தொறண்ணா. அவங்களுக்குப் புடிக்காதத நான் எடுத்துக்கறேன்."

முதல் பாட்டிலில் குப்பென்று பெயிண்ட் நெடி அடித்தது. அது அவருக்குப் போனது. அடுத்ததில் நெடி குறைவு, ஆனாலும் அத்தை கண்டுபிடித்துவிடுவார். அதை வாங்கிக்கொள்ள இன்னொருவர் ஏற்கெனவே கையை நீட்டிக்கொண்டிருந்தார். மூன்றாவது கருஞ்சிவப்பு. மூடியைத் திருகியதும் பழுத்த திராட்சையும் வெல்லப்பாகும் சேர்ந்தாற்போல ஒரு வாசம். மறுபடி ஒருமுறை இழுத்து முகர்ந்தேன். சாராயத்தின் சாயலே இல்லை. "இதக் கட்டு" என்றேன். ஜெயித்துவிட்ட தெம்போடுதான் ரயில் ஏறினேன்.

வீட்டில் சோற்றைப் போட்டுத் தட்டைப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஸ்பூனில் ஊற்றி அத்தையின் மூக்குக்கு நேராக நீட்டினேன். முகர்ந்தார். என்னைப் பார்த்தார். மறுபடி முகர்ந்தார். பிறகு ஸ்பூனைத் தானே வாங்கி, உதட்டில் படாமல் அண்ணாந்து ஊற்றிக்கொண்டு கண்ணை மூடினார். கடையில் இருந்த தைரியமெல்லாம் எனக்குப் போய்விட்டது. குமட்டினால் அதோடு எல்லாம் முடிந்தது.

குமட்டவில்லை. கண்ணைத் திறந்தபோது நீர் நிறைந்திருந்தது.

"இத்தக் குடிச்சிருக்கக் கூடாதா அந்த மனுசன்" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தை தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "கொழம்பு ஊத்து" என்றார்.