தாராவி வீட்டுச் சீட்டு

எங்கள் வீடு தாராவியில் ஒரு மாடி அறை. தாராவியை இடித்துக் கட்டப்போகிறார்கள் என்றதும் அதைப் படம் வரைந்து போன ஓவியர்களுக்குக் கணக்கில்லை. அவர்களில் ஒருவர், கொலாபாவில் நடக்கும் தன் கண்காட்சிக்கு என்னையும் மனைவியையும் அழைத்தார். அரசியல் கிண்டலாம். கீழ்வீட்டுக்காரர்களுக்கு இங்கேயே வீடு, மாடிக்காரர்களைத் தேவ்நார் குப்பைமேட்டுப் பக்கம் தூக்கிப் போட்டுவிடுவார்கள் என்ற பேச்சில் என் மனைவிக்குத் தூக்கம் போய்ப் பல மாதமாகிறது. எங்களுக்குக் கிண்டல் புதிதில்லை.

குளுகுளு அறையின் நடுவே கிளி ஜோசியக் கூண்டு. கிளி, மோட்டாரில் தலையாட்டிச் சீட்டைத் தள்ளும் பொம்மை. உயிர்க்கிளியை அடைத்தால் வழக்கு வருமாம். பத்துக்குப் பத்து அறையில் எட்டுப் பேரை அடைத்தால் வராது. சீட்டுகளை ரம்மிக் கட்டு மாதிரியே அச்சடித்திருந்தார்: ராஜா இடத்தில் மந்திரி, ஜோக்கர் இடத்தில் குடத்தோடு வரிசையில் நிற்கும் எங்கள் சந்துப் பெண்கள். ஒவ்வொரு சீட்டிலும் எங்கே வீடு கிடைக்கும் என்று ஒரு பலன். ஒயின் கிளாசோடு வந்தவர்கள் சீட்டெடுத்து, "தேவ்நார்! எனக்குத் தேவ்நார்!" என்று விழுந்து விழுந்து சிரித்தார்கள். குப்பைமேட்டுப் பக்கம் குடிபோவது அவர்களுக்கு அவ்வளவு தமாஷ்.

என் மனைவி செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள். கிளி ஒரு சீட்டைத் தள்ளியது. இங்கிலீஷில் இருந்ததை நான் படித்துச் சொன்னேன்: தாராவியிலேயே வீடு. அவள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கைப்பைக்குள் வைத்துவிட்டாள்.

ஓவியர் பதறிக்கொண்டு வந்தார். சீட்டுக்கட்டில் அந்தச் சீட்டு ஒன்றுதானாம், அதை வெளியே கொண்டுபோகக் கூடாதாம்.

"ஒண்ணுதான் இருக்கா? அது எனக்குல்லா விழுந்திருக்கு," என்றாள் மனைவி.

வீட்டுச் சீட்டு ஒன்றே ஒன்று இருப்பதுதான் தன் விமர்சனம் என்று அவர் இந்தியில் நயமாக விளக்கினார். எனக்கு அவரை ஓங்கி ஒன்று வைக்க வேண்டும்போல் இருந்தது.

"குடுத்துரு. எல்லாரும் பாக்காவ," என்றேன். கொடுத்தாள். சீட்டு கட்டுக்குள் திரும்பிப் போனது.

அடுத்து உட்கார்ந்தது வைரத்தோடு போட்ட ஓர் அம்மாள். கிளி தலையாட்டிச் சீட்டைத் தள்ளியது. "தாராவியில் எனக்கு வீடு!" என்று இந்தியில் கூவினாள். அறையே கைதட்டியது. ஓவியரும் தட்டினார்.

சயானில் ரயிலை விட்டு இறங்கி வீட்டுக்கு நடந்தோம். மாடிப்படி ஏறும்போது மனைவி சொன்னாள்:

"பாத்தியளா, வெளையாட்டுச் சீட்டுலகூட வீடு அவியளுக்குத்தான்."