எரிந்த குடிசையில் என் முதல் காட்சி

அவள் மகள் உயிரோடு இருக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் அவளைச் சாம்பலுக்குள் தேட விட்டேன்.

தொலைக்காட்சி இயக்குநர், தயாரிப்பாளர் என்று என்னைக் கொண்டாடுகிறீர்களே... அந்தப் பிழைப்பு எதில் தொடங்கியது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அறுபதுகளில் பம்பாயில் தொலைக்காட்சி ஏது? செய்திப்படம் எடுக்கும் கம்பெனி ஒன்றில் நான் உதவியாள். தாராவியில் குடிசைகள் எரிந்த அன்று காலை கேமராமேனோடு போனேன். அவர் மராத்திக்காரர், தமிழ் தெரியாது. தமிழர்கள் நிறைந்த மாட்டுங்காவில் வளர்ந்த எனக்குத் தெரியும். அதுதான் வினை!

காயம்பட்ட மனைவியை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய ஒருவர் என்னிடம் கத்தினார்: "சார், பக்கத்து வீட்டுச் செல்லத்தாயப் பாத்தா சொல்லிருங்க! அவ மவ பத்திரமா இருக்கா. செம்பூர்ல சித்தி வீட்டுக்கு அனுப்பிட்டோம்."

அடுத்த சந்திலேயே அவள் எதிர்ப்பட்டாள்.

"எய்யா, இந்தச் செல்லத்தாயி மவளப் பாத்தியளா?"

சொல்ல வாயெடுத்தேன். அந்த முகம்! அதைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன். கேமராவிலோ ரீல் தீர்ந்திருந்தது. வெளிச்சம் புகாத கறுப்புப் பைக்குள் கைவிட்டு கேமராமேன் புது ரீல் மாட்டும் வரை அவளைப் பேச்சில் நிறுத்தி வைத்தேன். மகள் பேரென்ன, என்ன பாவாடை கட்டியிருந்தாள்... எவ்வளவு கரிசனம்! நான் மனிதன்தானா?

கேமரா ஓடத் தொடங்கியது.

"உங்க குடிசைக்குள்ள போய் நன்னாத் தேடிப் பாருங்கோம்மா" என்றேன்.

வெறுங்கையால் கிளறினாள். மேலே நனைந்த சாம்பல், அடியில் கங்கு. அலறினாள்... ஆனால் கையை எடுக்கவில்லை. நானும் போதும் என்று சொல்லவில்லை. ரீல் வீணாகிவிடக் கூடாதே என்பதுதான் அப்போது என் கவலை!

காட்சி முடிந்த பிறகே சொன்னேன். இப்போதுதான் தகவல் கிடைத்தது என்று ஒரு பொய்யையும் சேர்த்துச் சொன்னேன்.

வெந்த கைகளைக் கூப்பப் பார்த்தாள். விரல்கள் சேரவில்லை.

"எம் மவள மீட்டுத் தந்துட்டிய... நீங்க மகராசனா இருக்கணும் சாமி!"

இருக்கிறேன். அந்தப் படத்துண்டைப் பார்த்துத்தான் தில்லித் தொலைக்காட்சியில் என்னை எடுத்தார்கள். அந்தத் தாயின் முகத்தை எப்படிப் பிடித்தீர்கள் என்று வியந்தார்கள். பொறுமை வேண்டும் என்றேன்.

தாராவிப் பக்கம் பிறகு நான் போகவேயில்லை. என்னைக் கண்டால் அவள் மறுபடியும் அந்தக் கைகளைக் கூப்புவாள்...