மீனுக்காக நடந்த குதிரை

கொடைக்கானல் ஏரியைச் சுற்றி வரும் குதிரைகளில் நான் ஏறியதுதான் மிக மெதுவானது. அதை நடத்தி வந்தவருக்குக் குரங்குக் குல்லா, முறுக்கிய மீசை, இடது கையில் கடிவாளம், வலது கையில் செல்போன். கண்கள் செல்போனை விட்டு நகரவே இல்லை.

வாடகை சைக்கிளில் போன ஒரு குடும்பம் எங்களை இரண்டாவது முறையாகத் தாண்டியதும், "கொஞ்சம் ஓட விடலாமே?" என்றேன்.

"ஓடுனா கணக்குல சேராதுங்க சார். வண்டில போறோம்னு கேம் நெனச்சுக்கிரும்."

திரையைக் காட்டினார். சிவப்பாக ஒரு மீன் துள்ளிக்கொண்டிருந்தது. அந்த விளையாட்டிலேயே சோப்ளாங்கி அதுதானாம். சண்டைக்கு விட்டாலும் துள்ள மட்டும்தான் செய்யுமாம். ஆனால் செல்போனோடு நிஜமாகவே போதுமான தூரம் நடந்தால் அது பெரிய ஆளாகிவிடுமாம்.

"மத்த குதிரைக்காரனுகெல்லாம் சிரிக்கிறானுக. நாலு மாசமா இதோட நடக்கேன். இன்னைக்கு ஆயிரும் சார்."

அதன்பின் நான் அவசரப்படுத்தவில்லை. படகுத்துறையை நெருங்கும்போது அவர் திரையை ஒரு தட்டு தட்டினார். மீன் மறைந்தது. அதுவே வாயைப் பிளந்தபடி ஒரு ராட்சசப் பாம்பாகத் திரை முழுக்க எழுந்தது. அவர் செல்போனைச் சட்டென்று ஸ்வெட்டருக்குள் தள்ளினார்.

"மூஞ்சியே சரியில்லைங்க."

சிறிது தூரம் நடந்தார். பிறகு குதிரையை ஏற இறங்கப் பார்த்தார்.

"இதுவும் அம்புட்டுத் தூரம் கூடவே நடந்துருக்குல்ல சார்?"

நான் இறங்கிக்கொண்டேன். அவர் தடுக்கவில்லை. மீதி வழியை மூவருமாக நடந்தே வந்தோம். அதில் குதிரை மட்டும்தான் நிம்மதியாகத் தெரிந்தது.