பேன் என்று ஒரு சொல்

மேனாம்பேட்டில் எங்கள் குடியிருப்பு வாசலில் நின்ற தூங்குமூஞ்சி மரத்தில், மழைக்காலம் முடிந்த ஒரு காலையில், வெள்ளை வலை ஏறியிருந்தது. மல்வேட்டியைச் சுற்றிவிட்டது போல வேரிலிருந்து முதல் கிளைவரை மெல்லிய படலம். அதைத் தொட்டுக் காட்டியவர் மரத்தடியில் வண்டி போட்டுத் துணி தேய்த்துவந்த இஸ்திரிக்கார அண்ணன். விரல் பட்டதும் வலைக்குள் எள்ளளவு பூச்சிகள் கூட்டமாக ஒரு பக்கம் நகர்ந்து, மறுபடி ஒன்றுசேர்ந்தன. "ஆட்டு மந்தை மாதிரி போவுதுங்க பாரு சார்" என்று சிரித்தார். நாளெல்லாம் கரிப்பெட்டியோடு நிற்பவருக்கு, நிழல் தரும் மரத்தில் எது ஊர்ந்தால் என்ன?

மாடிக்காரர்களுக்கு அப்படியில்லை. கரையான் அரித்துவிட்டது, மரம் கார்களின் மேல் விழும், வெட்டிவிடலாம் என்று வாட்ஸ்அப் குழுவில் பேச்சு கிளம்பியது. மரம் போனால் வண்டியும் போகவேண்டியதுதான். வெட்டவெயிலில் கரிச்சூட்டோடு எந்த மனுஷனால் நிற்க முடியும்? நீங்கள் படித்தவர், நாலு வார்த்தை எழுதுங்கள் என்று அண்ணன் என்னிடம் வந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கைப்பேசியில் தேடித் தேடிப் படித்தேன். கரையானே இல்லை, பட்டையில் படியும் பாசியையும் பூஞ்சையையும் தின்கிற பட்டைப்பேன். மரத்தைக் கடிக்காது, கொஞ்ச நாளில் தானே போய்விடும். அவ்வளவையும் எழுதினேன். அதோடு விட்டேனா? முதல் வரியிலேயே, "இது வெறும் பேன்தான், பயப்பட வேண்டாம்" என்று போட்டுத் தொலைத்தேன்.

பேன்! பள்ளி வேனுக்குப் பிள்ளைகள் காத்திருப்பது அந்த மரத்தடியில்தான். தேய்த்த துணியில் ஏறி வீட்டுக்குள் வந்துவிடாதா என்று ஒரு அம்மா கேட்டார். அதற்குப் பிறகு நான் எழுதிய எதையும் யாரும் படிக்கவில்லை. அது வேறு, இது வேறு என்று வீடுவீடாகப் போய்ச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருக்கும்போதே தலையைச் சொறிந்தார்கள். முதலில் அண்ணனிடம் துணி கொடுப்பது நின்றது. அடுத்த சனிக்கிழமை மரத்தை வெட்டினார்கள். நான் பால்கனியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், வேறென்ன செய்ய? அண்ணன் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

போன வாரம் மண்ணூர்பேட்டையில் ஒரு சந்தில் அவரைப் பார்த்தேன். வேப்பமரத்தடியில் அதே வண்டி. அடிமரத்தில் அதே வெள்ளை வலை. என்னைக் கண்டதும், தேய்க்க வைத்திருந்த போர்வையை எடுத்து வலை தெரியாதபடி மரத்தின்மேல் சாத்தினார். பிறகுதான் சிரித்தார்.

"சார், இத்தோட பேரு மட்டும் இங்க யாராண்டயும் சொல்லிடாதீங்க."