வசந்தா ரயில் ஏறினாளா?

ரப்பர் மரங்கள் இலை கொட்டும் மாதங்களில் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்து வாசலெல்லாம் காய்ந்த சருகு நொறுங்கும் சத்தமாகவே இருக்கும். அந்தச் சத்தம் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும், ஏனென்றால் வெயிலோடு சேர்ந்து தவக்காலமும் வந்துவிடும், அம்மா ஆளுக்கொரு ஆசையைப் பிடுங்கிக்கொள்வாள்.

கோலாலம்பூரில் வேலை பார்க்கும் என் மகள் ஞாயிறுதோறும் அந்த வாரம் படித்தது, சாப்பிட்டது, சந்தோஷப்பட்டது என்று குடும்பக் குழுவில் எழுதிப் போட்டு, நீங்களும் எழுதுங்கம்மா என்று பிடுங்குகிறாள். நான் எழுத உட்கார்ந்தால் படிக்காமல் போன ஒரு கதைதான் முன்னால் வந்து நிற்கிறது.

அப்பாவும் அம்மாவும் சுவா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டினார்கள். தவக்கால வெள்ளிகளில் கஞ்சியும் துவையலும்தான். அது போக, ஈஸ்டர் வரை ஆளுக்கு ஒன்றை "விட" வேண்டும். அம்மா காப்பியை விட்டாள், அப்பா பீடியை விட்டார், தம்பி பாகற்காயை விடுவதாகச் சொல்லி முதுகில் ஒன்று வாங்கிக்கொண்டு "கச்சாங்" கடலையை விட்டான். எனக்குப் பதின்மூன்று வயதான அந்த வருடம், நான் எதை விடுவது என்பதை அம்மாவே தீர்மானித்தாள்: ஞாயிறு பத்திரிகையில் வரும் தொடர்கதை.

வாரம் முழுக்க அதற்காகவே காத்துக் கிடப்பவள் நான். வசந்தா என்ற நர்ஸ், குடித்துவிட்டு அடிக்கும் கணவனை உதறிவிட்டு, கையில் பெட்டியோடு சிரம்பான் ரயில் நிலையத்தில் நிற்கிறாள். "தொடரும்" என்று போட்டுவிட்டார்கள். அந்த இடத்தில் போய் விடச் சொன்னால் யாருக்குத்தான் ஆத்திரம் வராது? ஞாயிற்றுக்கிழமை தவக்காலக் கணக்கில் சேராது என்று பாதரே பூசையில் சொல்லியிருக்கிறார், பத்திரிகை வருவதும் ஞாயிற்றுக்கிழமைதான், ஆகவே படிக்கலாம் என்று வாதாடிப் பார்த்தேன்.

"ஞாயித்துக்கெழம படிச்சா திங்கக்கெழமயும் அதத்தானடி நெனச்சுக்கிட்டு இருப்ப," என்றாள் அம்மா.

பத்திரிகைகளைத் தகரப் பெட்டியில் சேர்த்து வைத்து ஈஸ்டர் அன்று மொத்தமாகத் தருவதாகப் பேச்சு. அன்று பூசை முடிந்து, கோயிலுக்கு ஏற்றிப்போன தோட்டத்து லாரியிலிருந்து குதித்து ஓடிவந்து பெட்டியைத் திறந்தால் அம்மாவின் சேலைகள்தான் இருந்தன. பண்டிகைக்காக வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்த அப்பா, தரை கெடக்கூடாது என்று பத்திரிகைகள் எல்லாவற்றையும் எடுத்து விரித்திருக்கிறார். வசந்தா சுண்ணாம்பில் ஊறிக் குப்பைக்குப் போய்விட்டாள். கோழிக்கறி வெந்துகொண்டிருந்த அந்த நல்ல நாளில் நான் தரையில் உருண்டு அழுதேன்.

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா தலை நிமிராமலே, வசந்தா வீட்டுக்குத் திரும்பிவிட்டாள், புருஷன் திருந்திக் குடியை விட்டுவிட்டான், கதை அதோடு முடிந்தது என்றாள். எப்படித் தெரியும் என்று கேட்டேன். வாராவாரம் படித்தாளாம்.

"நான் காப்பியத்தானே விட்டேன்லா."

போன மாதம் தெமியாங்கில் ஒரு கல்யாண விருந்தில், அப்போது எங்கள் பக்கத்து வீட்டில் இருந்த மேரி அக்காவைப் பார்த்தேன். பழைய பேச்சில் அந்தக் கதையும் வந்தது. வசந்தா ரயில் ஏறிப் போனவள்தான், கடைசிவரை திரும்பவே இல்லை என்று அவர் சொன்னதும் இலையை மூடிவிட்டு எழுந்தேன். கல்யாணமான பின் நானும் ஒரு தடவை பெட்டியைத் தூக்கிக்கொண்டு சிரம்பான் பஸ் நிலையம் வரை போனவள். யார் யாரோ சொன்ன புத்தியும் காரணம் என்றாலும், அங்கே நின்றபோது என் மனதில் இருந்தவள் வசந்தாதான். அவளுக்கு நடந்தது எனக்கும் நடக்கும் என்று நம்பித் திரும்பினேன். என் வீட்டுக்காரர் சாகும்வரை குடியை விடவில்லை.

அம்மா இப்போது அம்பாங்கானில் என்னோடு இருக்கிறாள். விருந்திலிருந்து வந்ததும் வராததுமாக, ஏன் கதையை மாற்றிச் சொன்னாய் என்று கேட்டேன். "வயசுக்கு வந்த பொண்ணுகிட்ட, புருஷன விட்டுட்டுப் போன கதய எப்படிடி சொல்றது?" என்றாள். அவளைத் திட்டவும் முடியவில்லை, விடவும் மனமில்லை.

லயம் இருந்த இடத்தில் இன்று மாடி வீடுகள் நிற்கின்றன. பத்திரிகைக்காக யாரும் வாசலில் காத்திருப்பதில்லை. மகளுக்கு இந்த வாரமும் நான் ஒன்றும் எழுதவில்லை. இன்று சாம்பல் புதன். நெற்றியில் சாம்பலோடு வந்து உட்கார்ந்த அம்மா, இந்தத் தவக்காலத்துக்கு எதை விடப்போகிறாய் என்று வழக்கம்போலக் கேட்டாள்.

"விட வேண்டியத அப்பவே விட்டிருக்கணும்மா," என்றேன்.

அம்மா காப்பி டம்ளரைத் தள்ளி வைத்தாள்.